வாட்டர் கூலிங் லூப்பில் படிந்த மூன்று பச்சைகள்

திருப்பூர் ஏற்றுமதியாளர்களுக்காகப் பின்னலாடை மாதிரிகளை முப்பரிமாணப் படங்களாக உருவாக்கித் தருவது என் தொழில். துணி மடிவதையும் தொங்குவதையும் கணக்கிட்டுப் படமாக்கும் வேலை ஒரே மூச்சில் ஐந்தாறு மணி நேரம் ஓடும் என்பதால், மூன்று ஆண்டுகளுக்கு முன் அவிநாசியில் உள்ள என் வீட்டுக் கணினிக்கு, ப்ராசஸரின் சூட்டை நீர் ஏந்திச் சென்று ரேடியேட்டரில் ஆற்றிவிட்டுத் திரும்பும் வாட்டர் கூலிங் லூப் ஒன்றை நானே பொருத்தினேன். முழு வேலை ஓடும்போதும் ப்ராசஸரின் வெப்பம் 65 டிகிரியைத் தாண்டாமல் இருந்தது. சென்ற மார்ச்சில் அதே வேலைக்கு 84 டிகிரி காட்டியது. லூப்பின் நீர் தேங்கும் ரிசர்வாயர் டேங்கின் சுவரில் மெல்லிய பச்சைப் படலம் ஒன்று தெரிந்தது.

டேங்க் இருப்பது கிழக்குப் பார்த்த ஜன்னலுக்கு அருகில். காலை வெயில் நேராக அதன் மேல் விழும். எனவே பாசிதான் என்று முடிவு கட்டி, லூப்பில் விடுவதற்கென்றே விற்கப்படும் பாசிக்கொல்லியைச் சில சொட்டுகள் விட்டேன். இரண்டு வாரம் கழித்து மீண்டும் விட்டேன். வெப்பம் ஒரு டிகிரிகூட இறங்கவில்லை.

அவிநாசிச் சித்திரைத் தேருக்காக உடுமலையிலிருந்து அப்பா வந்திருந்தார். தென்னந்தோப்புக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டுப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருபவர். டேங்கை ஒரு முறை பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "கையில தேச்சுப் பாரு கண்ணு. வழுவழுன்னு இருந்தா பாசி, நறநறன்னு இருந்தா உப்பு. என்னன்னு பாக்காம மருந்து ஊத்தக் கூடாது." தோப்பில் அவர் செய்வதும் அதுவே. குழாயின் கடைசி முனையைத் திறந்து, வெளியேறும் கலங்கல் நீரை உள்ளங்கையில் ஏந்தி விரலால் தேய்த்துப் பார்ப்பார். உப்பு என்றால் அமிலம், பாசி என்றால் குளோரின். ஒன்றுக்கு உரியதை மற்றொன்றுக்குக் கொடுத்தால் பணமும் போகும், அடைப்பும் போகாது.

அன்று மாலையே லூப்பை வடித்துவிட்டு, ப்ராசஸரின் மேல் அமர்ந்து அதன் சூட்டை நீருக்குக் கடத்தும் பிளாக்கை ஆலன் கீயால் கழற்றித் திறந்தேன். பிளாக்கின் அடித்தட்டில், மயிரிழை போன்ற செப்புத் தகடுகள் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் வரிசையாக நிற்கும். நீர் நடுவில் இறங்கி, அந்த இடுக்குகளின் வழியே இருபுறமும் பிரிந்து ஓட வேண்டும். அந்த நடுப்பகுதியில் வெளிர்பச்சை நிறத்தில் மாவுப்பசை போன்ற ஒன்று அப்பிக்கொண்டிருந்தது. குச்சியால் எடுத்து விரலில் தேய்த்தேன். அது வழுக்கவும் இல்லை, நறநறக்கவும் இல்லை. பலாப்பழம் அரிந்த கையில் ஒட்டும் பால்போல விரலோடு ஒட்டிக்கொண்டது. குழாய்த் தண்ணீரில் காட்டியும் போகவில்லை.

அது லூப்பின் வளையும் பி.வி.சி. குழாயிலிருந்து வந்தது. பி.வி.சி. இயல்பில் விறைப்பான பொருள். அதை வளையும் குழாயாக்குவதற்கு எண்ணெய்த் தன்மை கொண்ட இளக்கிகளைச் சேர்க்கிறார்கள். இவை பிளாஸ்டிக்கோடு வேதிப் பிணைப்பில் இருப்பதில்லை. ஆகவே, வெதுவெதுப்பான நீர் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தால் சிறிது சிறிதாகக் கசிந்து வெளியே வரும், போகிற வழியில் எது மிகக் குறுகிய இடமோ அங்கே போய்த் தங்கும். லூப்பில் பிளாக்கின் தகடு இடுக்குகளைவிடக் குறுகிய இடம் வேறு இல்லை. லூப்பில் ஓடும் நீர்க்கலவையான கூலன்ட்டில் இருந்த பச்சைச் சாயம் அந்தப் பசையில் ஏறியிருந்ததால்தான் அது பாசியின் நிறத்தில் தெரிந்தது. பாசிக்கொல்லி அதை ஒன்றும் செய்யாததில் வியப்பில்லை. குழாயும் பால்போல மங்கியிருந்தது. நீரை உறிஞ்சியதால் மங்கிய குழாய் காய்ந்தால் தெளிந்துவிடும் என்பதால், ஒரு துண்டை வெட்டி மூன்று நாள் நிழலில் உலர வைத்தேன். மங்கல் மாறவில்லை, உட்புறத்தை நகத்தால் சுரண்டினால் பசை உரிந்து வந்தது.

ஆனால் பாசியே இல்லை என்றும் சொல்ல முடியாது. டேங்கின் ஜன்னல் பக்கச் சுவரில் மட்டும், கை அகலத்துக்கு, கிணற்றுப் படிக்கட்டில் இருப்பது போன்ற வழுவழுப்பு இருந்தது. மூன்றாவதாக, முலாம் தேய்ந்துபோன பித்தளை இணைப்பு ஒன்றின் கழுத்தில் நீலம் கலந்த பச்சையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. செம்பு, பித்தளைப் பாத்திரம் புழங்கும் வீட்டில் அதற்கு விளக்கம் தேவையில்லை: களிம்பு. ஒரே லூப்பில் மூன்று பச்சைகள் இருந்திருக்கின்றன. அவற்றில் மிகச் சிறியதற்கு மட்டும் நான் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம், மூன்றையும் நீக்கும் முறைகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராதவை என்பதுதான். இளக்கிப் பசைக்கு அமிலம் பயன்படாது. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை வெந்நீரில் கலந்து, மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷால் தகடுகளின் நீளவாக்கில் தேய்த்தபோதுதான் அது இளகி வந்தது. ஆல்கஹால் இன்னும் விரைவாகக் கரைக்கும்; ஆனால் அக்ரிலிக் பாகங்களில் பட்டால் நுண்ணிய விரிசல் விடும் என்பதால், உலோகத் தட்டைத் தனியே கழற்றிய பிறகே அதைத் தொட வேண்டும். களிம்புக்கு, பித்தளைக் குடத்துக்குப் புளி போடுகிற அதே நியாயம்: மெல்லிய அமிலம். நீர் கலந்த வினிகரில் அந்த இணைப்பைச் சில நிமிடங்கள் வைத்துத் துடைத்தேன். நிக்கல் முலாம் உள்ள பாகங்களை அதில் ஊறப்போடுவது நல்லதல்ல. பாசி மட்டும் துணியால் துடைத்ததும் போய்விட்டது.

பாசிக்கொல்லியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் வாங்கிய சொட்டு மருந்தின் சரக்கு மயில்துத்தம்தான் (காப்பர் சல்பேட்). மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையைப் பயிருக்கு அடித்துப் பழகிய அப்பா பெயரைக் கேட்டதும் தலையாட்டினார். செம்பு மட்டுமே உள்ள லூப்பில் அளவோடு விட்டால் அது நல்ல மருந்து. ஆனால் விலை குறைந்த ரேடியேட்டர்கள் சிலவற்றில் அலுமினியம் இருக்கும். அலுமினியமும் செம்பும் ஒரே நீரில் இருந்தாலே மின்வேதி அரிப்பு ஏற்பட்டு அலுமினியம் தின்னப்படும். அதில் மயில்துத்தமும் சேர்ந்தால் செம்பு போய் அலுமினியத்தின் மேல் படிந்து, குழிகுழியாக அரித்து ஓட்டை போட்டுவிடும். ரேடியேட்டர் என்ன உலோகம் என்று தெரியாமல் ஒரு சொட்டுகூட விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தண்ணீரைப் பற்றியும் இங்கே ஒரு தவறான நம்பிக்கை உண்டு. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு என்பது, கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் அடியைப் பார்த்தாலே தெரியும். அதை யாரும் லூப்பில் ஊற்ற மாட்டார்கள். ஆனால் கோவை நண்பர்கள் சிலர், சிறுவாணித் தண்ணீர்தான் இவ்வளவு இனிக்கிறதே, ஊற்றினால் என்ன என்கிறார்கள். குடிப்பதற்கு அதற்கு இணையான நீர் அரிது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இருந்தாலும் அதிலும் தாது உப்புகள் உண்டு, கிருமி நீக்கச் சேர்த்த குளோரினும் உண்டு. வீட்டு ஆர்.ஓ. நீர், கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் என் டி.டி.எஸ். மீட்டரில் 60க்கு மேல் காட்டியது; மூடி முத்திரையிட்டு விற்ற பேட்டரித் தண்ணீர் 3 காட்டியது. அதையே ஊற்றினேன். கூலன்ட் கலவையைச் சிக்கனம் கருதி அளவுக்கு மேல் நீர்த்துவிடுவதும் தவறு: கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் என்ற வேதிப்பொருள் போதிய செறிவில் நுண்ணுயிர்களை வளரவிடாமல் தடுக்கும்; ஆனால் மிகவும் நீர்த்துப்போனால் அவற்றுக்கே உணவாகிவிடும்.

சொட்டுநீர்க் குழாய்கள் ஏன் கறுப்பாக இருக்கின்றன என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்காமல் காக்கக் கரித்தூள் சேர்க்கிறார்கள். அதனால் உள்ளே வெளிச்சமும் புகுவதில்லை, வெளிச்சம் இல்லாத இடத்தில் பாசி வளர்வதில்லை. வளையும் பி.வி.சி. குழாய்களை முழுவதும் எடுத்துவிட்டு, இளக்கி கசியாத கறுப்பு இ.பி.டி.எம். ரப்பர் குழாய்களை மாட்டினேன். உள்ளே ஓடும் நீரின் அழகு இனித் தெரியாது. அதில் எனக்குச் சற்று வருத்தம் உண்டு. டேங்கை ஜன்னலிலிருந்து மேசையின் மறுபக்கத்துக்கு மாற்றினேன். ரேடியேட்டரைப் பாதி வெந்நீர் நிரப்பிக் குலுக்கிக் கொட்டியதில் ஆறாவது முறைதான் வெளிவந்த நீர் தெளிவாக இருந்தது.

இப்போது அதே வேலைக்கு 66 டிகிரி. மாதம் ஒரு முறை வடிகால் குழாயைத் திறந்து, ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் கால் டம்ளர் நீர் பிடித்துப் பார்க்கிறேன். போன வாரம் பிடித்ததை விரலில் தேய்த்தபோது ஈரம் மட்டுமே இருந்தது. அந்தப் பித்தளை இணைப்பின் கழுத்தில் மட்டும் களிம்பு ஒரு மெல்லிய கோடாக மறுபடி தொடங்கியிருக்கிறது. அடுத்த முறை லூப்பை வடிக்கும்போது அதை மாற்றிவிடுவேன்.