லிமிட் அது பாட்டுக்கு இருக்கும்ணா

"அப்ப லிமிட்டுங்க சார்?"னு ஆப்பரேட்டர் அண்ணன் கேட்டாரு. லோடு தூக்குற ஹாய்ஸ்ட்ல, ஹூக் மேல போய் இடிக்காம நிறுத்தற லிமிட் ஸ்விட்ச்சத்தான் கேட்டாரு. "லிமிட் அது பாட்டுக்கு இருக்கும்ணா"ன்னு சொன்னேன். பேச்சு அவ்வளவுதான். 2014ல, ஆடிப்பதினெட்டு முடிஞ்ச திங்கக்கிழமை காலைல எட்டரை மணி இருக்கும், விடிஎல் மெஷின், அதாவது நிக்க வெச்ச மாதிரி இருக்கற பெரிய லேத், அது பக்கத்துல நின்னுட்டுப் பேசுனது. அதுக்கப்புறம் எத்தனையோ பிரேக்டவுன் பாத்தாச்சு, ரெண்டு கம்பெனி மாறியாச்சு, ஆனா தூக்கம் வராத ராத்திரில இந்த ரெண்டு வரிதான் வந்து நிக்குது. அதுலயும் அவர் கேட்டது மெல்லமாத்தான் கேக்கும், நான் சொன்ன பதில்தான் சத்தமா கேக்கும்.

முந்தின நாள் ஞாயித்துக்கிழமை கான்ட்ராக்ட் ஆளுங்க வந்து கரண்ட பிரிச்சுக் குடுக்கற பழைய டிபி பெட்டிய எடுத்துட்டு புதுசு மாட்டிட்டுப் போனாங்க. சிஎன்சி எல்லாம் போட்டுப் பாத்து, கூலன்ட் பம்ப் சரியா சுத்துதா, ஹைட்ராலிக் மோட்டார் சரியா சுத்துதான்னு ஒவ்வொண்ணா நானே நின்னு பாத்தேன். ஹாய்ஸ்டை பாக்கல. அது மெஷின் லிஸ்ட்லயே கிடையாது, ஐபீம்ல தொங்குற ஒரு சாமான், அவ்வளவுதான் என் மனசுல. ரெண்டு டன் செயின் ஹாய்ஸ்ட்.

காலைல அண்ணன் வந்து "ஏனுங்க சார், மேல அமுக்குனா கீழ வருதுங்க, கீழ அமுக்குனா மேல போகுதுங்க"ன்னாரு. "ஃபேஸ் மாறியிருக்கும்ணா, ஆர்ஒய்பில ஏதோ ரெண்ட மாத்தி மாட்டிட்டானுங்க. லஞ்ச்ல சரி பண்ணித் தர்றேன்"னேன். ஆர்ஒய்பிங்கறது மூணு ஃபேஸ் வயர், அதுல ரெண்டு இடம் மாறினா மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்தும். எலக்ட்ரீசியன் பவானிக்குப் போனவன் இன்னும் திரும்பல. அந்தப் பக்கம் மூணாம் நம்பர் மெஷின் ஸ்பிண்டில் அலாரத்துல நிக்குது, பதினொரு மணிக்கு லாரி வருது, ரெண்டு பம்ப் கேசிங் போயே ஆகணும். இதெல்லாம் நிஜம், சும்மா சாக்குக்கு சொல்லல. ஆனா கரண்ட வெட்டற ஐசொலேட்டர ஆஃப் பண்ணி, வெளிய போற பக்கம் ரெண்டு வயர மாத்தி டைட் பண்றது பத்து நிமிஷ வேலைங்கறதும் நிஜம்தான். அதுக்கு எலக்ட்ரீசியனே வேண்டாம், டிப்ளமோ ஈஇஇ படிச்சுட்டு மெயின்டனன்ஸ் இன்சார்ஜா இருந்த நானே பண்ணியிருக்கலாம்.

அதுக்கு பதிலா என்ன பண்ணேன்னா, மாஸ்கிங் டேப் எடுத்து, ஹாய்ஸ்ட்ல இருந்து தொங்குற பட்டன் பெட்டி இருக்கே, பெண்டன்ட், அதுல மேல் பட்டன் மேல ஒட்டி மார்க்கர்ல கீழ் அம்புக்குறி போட்டேன், கீழ் பட்டன்ல மேல் அம்புக்குறி. "இப்ப படிச்சுப் பாத்து அமுக்குங்கணா"ன்னேன். அவரும் டேப்ப ஒரு தடவ தடவிப் பாத்துட்டு, மேல ஹாய்ஸ்டையும் ஒரு தடவ பாத்துட்டு, அப்பதான் கேட்டாரு, "அப்ப லிமிட்டுங்க சார்?"

எட்டாவது வரைக்கும் படிச்சவரு. அந்த ஷெட்டுல அன்னைக்கு யாரும் கேக்காத கேள்விய அவர்தான் கேட்டாரு. சரியான கேள்வி.

மேல் லிமிட் எப்படி வேலை செய்யுதுன்னா, ஹூக் மேல வந்து லீவர இடிச்சா அது மேல் கான்டாக்டர், அதாவது மேல் பட்டன அமுக்குனா மோட்டாருக்கு கரண்ட விடற ஸ்விட்ச், அதோட காயிலுக்குப் போற கன்ட்ரோல் சப்ளைய வெட்டிடும். அவ்வளவுதான் அதோட வேலை, அது மோட்டாரையும் பாக்காது, ஹூக் எந்தப் பக்கம் போகுதுன்னும் அதுக்குத் தெரியாது. ஃபேஸ் மாறிப் போச்சுன்னா ஹூக்கை மேல தூக்குறது கீழ் கான்டாக்டர். லிமிட் அடிச்சு வெட்டுறது மேல் கான்டாக்டரோட காயில, அது ஏற்கனவே சும்மாதான் இருக்கு. ஆக ஹூக் நிக்காது, போய் ஹாய்ஸ்ட் பாடில இடிக்கும்.

இது எனக்குத் தெரியுமா தெரியாதான்னுதான் இத்தனை வருசமா எனக்குள்ள வழக்கு ஓடுது. தெரியாதுன்னு சொல்ல முடியல, ஏன்னா எட்டு மாசம் முன்னாடி அதே ஹாய்ஸ்ட்ல அதே லிமிட் ஸ்விட்ச்ச மாத்தினது நான்தான், அந்த ரெண்டு வயர் எங்க போகுதுன்னு விரலால பிடிச்சு ட்ரேஸ் பண்ணினதும் நான்தான். தெரியும்னும் சொல்ல முடியல, ஏன்னா தெரிஞ்சிருந்தா டேப் ஒட்டியிருக்க மாட்டேன். இப்ப நினைச்சா, தெரியும், ஆனா அந்த நிமிஷம் அத நான் எடுத்துப் பாக்கவே இல்லன்னுதான் தோணுது. ஃபேஸ் மாறுனத பட்டன் மாறுன மாதிரி மட்டும் பாத்தேன். பட்டன் மாறுச்சா, பேரை மாத்துனா முடிஞ்சுது. அவர் கேட்டப்ப ரெண்டு செகண்ட் நின்னு யோசிச்சிருந்தா வந்திருக்கும். நிக்கல. என் கண்ணு மூணாம் நம்பர் மெஷின் பக்கம் இருந்துச்சு.

அதுலயும் அந்த "இருக்கும்"ங்கற வார்த்தை. "ஃபேஸ் மாறியிருக்கும்"னு சொன்னேன்ல, அது ஊகம். "லிமிட் இருக்கும்"னு சொன்னதும் அதே மாதிரி ஊகம்தான். ஆனா சொன்ன தொனியில அவர் அத ஊகமா எடுத்துக்கல, இன்சார்ஜ் சொல்லிட்டாரு, லிமிட் இருக்குன்னு எடுத்துக்கிட்டாரு. நம்ம பாஷைல ஒரே வார்த்தை ரெண்டுக்கும் ஓடுது, நான் எதுல சொன்னேன்னு எனக்கே தெரியல.

முதல் கேசிங் நல்லபடியா இறங்குச்சு. ரெண்டாவதுல, பத்தரை மணிக்கு, டேபிள்ல இருந்து தூக்கி, பிடிச்சு வெக்கற ஜா எல்லாம் தாண்டி வெளிய எடுத்தாச்சு, இனி இறக்கணும். அவர் கை பத்தொன்பது வருசமா கீழன்னா கீழ் பட்டனத்தான் அமுக்கும். அமுக்குச்சு. கேசிங் 600 கிலோவுக்கு மேல. அந்த ஷெட்டு உயரம் கம்மி, கேசிங் மெஷினோட தடுப்பு கார்டைத் தாண்டணும்னா ஹூக் ஏறக்குறைய மேல வரைக்கும் போயாகணும், பாடிக்கும் ஹூக்குக்கும் நடுவுல ஒரு சாண்தான் மிச்சம். நிமிஷத்துக்கு 4 மீட்டர் தூக்குற ஹாய்ஸ்ட், ஒரு சாணுக்கு மூணு செகண்ட். மூணு செகண்ட்ல ஏன் கைய எடுக்கலன்னு கேட்டவங்க இருக்காங்க. அவர் பாத்துட்டு இருந்தது லோடை, ஹூக்கை இல்ல, இறங்கலையேன்னு இன்னும் அழுத்தித்தான் பிடிச்சிருப்பாரு. நானா இருந்தாலும் அப்படித்தான் பிடிச்சிருப்பேன்.

இடிச்ச சத்தம் எனக்கு ஆபீஸ் வரைக்கும் கேட்டுச்சு. இடிச்ச வேகத்துல லோடு ஒரு குதி குதிச்சிருக்கு, லோடை ஹூக்ல மாட்டியிருந்த பெல்ட் ஒரு கணம் தொய்ஞ்சு ஒரு பக்கத்து காது ஹூக்கை விட்டு வெளிய வந்துடுச்சு. அந்த ஹூக்கோட வாய மூடற லேட்ச் உடைஞ்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. கேசிங் சாஞ்சு டேபிள் ஓரத்துல அடிச்சுது. பிடிச்சுட்டு நின்ன ஹெல்ப்பர் பையன் பின்னாடி தாவிட்டான், ஆனா இடது கை முழுசா வெளிய வரல. ரெண்டு விரல் எலும்பு முறிஞ்சுது. ஈஎஸ்ஐ, கட்டு, ரெண்டு மாசம். விரல் இருக்கு, ஆனா நடுவிரல் முழுசா மடங்காது. தீபாவளிக்கு முன்னாடி அவன் திரும்ப வேலைக்கு வந்தப்ப கைய நீட்டிக் காட்டி "பரவால்லீங்க சார்"னு சொன்னான், எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல, டீ சாப்பிட்டியான்னு கேட்டேன்.

விசாரணைல எழுதுன காரணம்: ஹூக் லேட்ச் இல்லை. அது பொய்யில்ல. லேட்ச் இருந்திருந்தா பெல்ட் வெளிய வந்திருக்காது, விரல் தப்பிச்சிருக்கும். ரெண்டாவது காரணம்: ஆப்பரேட்டர் தவறான பட்டனை அமுக்கினார். அதுவும் பொய்யில்ல. கடைசில ஒரு வரி, சப்ளை ஃபேஸ் மாறியிருந்தது, சரிசெய்யப்பட்டது. மார்ச்ல வருசாந்திர டெஸ்ட் முடிஞ்சு, 125 சதவீத லோடு வெச்சுத் தூக்கிப் பாத்து, ஃபேக்டரி சட்டம் 29வது பிரிவுக்கு வேண்டிய சர்டிபிகேட் ஃபைல்ல பத்திரமா இருந்துச்சு, அதனால மேல கேள்வி வரல. அண்ணன் கேட்ட கேள்வி அந்த ரிப்போர்ட்ல எங்கயும் இல்ல. நான் சொன்ன பதிலும் இல்ல.

ரூம்ல அவரை "லேட்ச் இல்லாத ஹூக்ல ஏங்க தூக்குனீங்க?"னு மேனேஜர் கேட்டப்ப அவர் தலைய குனிஞ்சுட்டு நின்னாரு. நான் அடுத்த சேர்ல உக்காந்திருந்தேன். "நான் லிமிட்டப் பத்தி கேட்டனுங்க, சார் இருக்கும்னு சொன்னாருங்க"ன்னு ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தா போதும். சொல்லல. மறந்துட்டாரா, என்னைக் காப்பாத்தணும்னு நினைச்சாரா, இல்ல சொன்னாலும் என்ன ஆகப்போகுதுன்னு விட்டாரா, தெரியல. நானும் சொல்லல. டேப் ஒட்டுனத சொன்னேன், எல்லாரும் அதப் பாத்துட்டாங்க, மறைக்க முடியாது. அவர் கேட்டத சொல்லல.

ஒரு காலத்துல எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்குவேன். மேல் லிமிட்ங்கறது தினசரி நிறுத்தறதுக்கு இல்ல, கடைசிக் காப்பு, அதுல போய் முட்டி முட்டி நிறுத்தக்கூடாதுன்னு நானே எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன். அவங்க அந்த மெஷின்ல தினமும் லிமிட் அடிக்கற வரைக்கும் தூக்குவாங்க, அதனாலதான் அவருக்கு அந்தக் கேள்வியே வந்துச்சு. அப்ப தப்பு அங்கதான ஆரம்பிக்குதுன்னு. ஆனா ஷெட்டு உயரம் கம்மி, அங்க வேற எப்படித் தூக்குறதுன்னு நான் ஒருநாளும் சொன்னதில்ல. உயரம் கம்மியான இடத்துல நீள பெல்ட்ட குடுத்து தூக்க வெச்சதும் நாங்கதான். ரெண்டு கால் பெல்ட்ட சின்னதா போட்டா கோணம் விரிஞ்சுடும், தரைல இருந்து 30 டிகிரிக்கு வந்தா ஒவ்வொரு கால்லயும் முழு லோடும் விழும், அதனால நீளமா போடு, நீளமா போட்டா ஹூக் மேல போகும். இதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு, ஒரு நூல இழுத்து இவன்தான் காரணம்னு சொல்ல முடியல. சொல்ல முடியலங்கறது எனக்கு வசதியாவும் இருக்கு, அதையும் சொல்லணும்.

அப்புறம் எல்லா ஹூக்குக்கும் புது லேட்ச் போட்டாங்க. வெளிய இருந்து ஒருத்தர வரவெச்சு ட்ரெய்னிங், பெல்ட் கோணம், லோடுக்குக் கீழ நிக்காதே, சாய்ச்சு இழுக்காதே, செயின்ல முறுக்கு இருக்கான்னு பாரு, எல்லாம் நல்ல விஷயம். ஃபேஸ் பத்தி ஒரு வார்த்தை இல்ல. நான் தனியா சண்டை போட்டு ஹாய்ஸ்டுக்கு ஃபேஸ் சீக்வன்ஸ் ரிலே வாங்கிப் போட்டேன், ஃபேஸ் மாறினா ஹாய்ஸ்ட் அசையவே அசையாது. அதுக்கப்புறம் வேற ரெண்டு இடத்துல பாத்தேன், ஃபேஸ் மாறிப்போனா பெண்டன்ட் உள்ள வயர மாத்திப் போட்டு "சரி பண்ணிட்டோம்"னு சொல்றாங்க. பட்டன் சரியா வேலை செய்யும், யாருக்கும் சந்தேகமே வராது, லிமிட் மட்டும் செத்துக் கிடக்கும். நான் டேப்ல பண்ணத அவங்க வயர்ல பண்றாங்க. தயவு செஞ்சு அப்படிப் பண்ணாதீங்க, சப்ளை பக்கம் மாத்துங்க, மாத்திட்டு லோடு இல்லாம மெதுவா ஹூக்கை ஏத்தி லிமிட் வெட்டுதான்னு கண்ணால பாருங்க. இத நான் போற இடமெல்லாம் சொல்றேன்.

அண்ணன்கிட்ட ஒரே ஒரு தடவ பேக்கரில வெச்சு ஆரம்பிச்சேன். "அன்னைக்கு நீங்க கேட்டீங்கல்லணா..."ன்னேன். "அதெல்லாம் எதுக்குங்க இப்ப, வர்க்கி சூடா இருக்குது எடுங்க"ன்னாரு. நான் எடுத்துக்கிட்டேன். அடுத்த வருசம் ரிடையர் ஆகிட்டாரு.

இப்ப இருக்கற இடத்துல யாராவது இப்படிக் கேட்டா "தெரியல, பாத்துட்டு சொல்றேன்"னு சொல்லப் பழகியிருக்கேன்னு நினைச்சுட்டு இருந்தேன். போன மாசம் புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன் வந்து, "சார், பட்டனை விட்டதுக்கப்புறம் லோடு ஒரு விரக்கடை இறங்கி நிக்குது, அது சரிங்களா?"ன்னான். போனைப் பாத்துட்டே "கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்பா"ன்னுட்டேன். அவன் போய்ட்டான். ஒரு அரைமணி நேரம் கழிச்சுதான் எனக்கு உறைச்சுது, ஓடிப்போய் ஹாய்ஸ்டை நிறுத்தி, ஏணி போட்டு ஏறி பிரேக் கவரைக் கழட்டி கேப் அளக்கற ஃபீலர் கேஜ் விட்டுப் பாத்தேன். கேப் மேனுவல்ல சொன்ன அளவுக்குள்ளதான் இருந்துச்சு. லைனிங்கும் நல்லா இருந்துச்சு. கீழ இறங்கி அவன்கிட்ட "சரியாத்தான் இருக்கு"ன்னு சொன்னேன். "அதான் அப்பவே சொன்னீங்களே சார்"னான்.

அப்ப எனக்குத் தெரியாதுடா தம்பின்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள அவன லைன்ல கூப்பிட்டாங்க.