ஹைக் முடிவாகும் இடம்

காரைக்குடியில் வீட்டிலிருந்தபடியே ஒரு பெரிய ஐடி கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். போன வருஷ அப்ரைசலில் எனக்கு 'நன்று' என்று ரேட்டிங், 6 சதவீதம் ஹைக், அதாவது சம்பள உயர்வு. அதே ரேட்டிங் வாங்கிய டீம் பையனுக்கு 11. மேனேஜரிடம் போனில் கேட்டால், "கம்பெனி பாலிசி தம்பி" என்று முடித்துக்கொண்டார். அவரும் பாவம், போனில் அதற்கு மேல் என்ன சொல்வார்?

அப்புறம் அவர் குடும்பத்தோடு பிள்ளையார்பட்டி வந்தார். தரிசனம் முடித்து வீட்டுக்கு வந்தவருக்கு அம்மா வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் வைத்தார். இரண்டாவது ஈடு வருவதற்குள் மனுஷர் மேசையில் கிடந்த கல்யாணப் பத்திரிகைக் கவரைத் திருப்பிப் போட்டு கட்டம் வரைய ஆரம்பித்துவிட்டார்.

முதலில் பணம். டீமுக்கு ஒரு தொகை மேலிருந்து வரும். எட்டுப் பேரின் மொத்தச் சம்பளம் வருஷத்துக்கு 80 லட்சம், ஒதுக்கியது 8 சதவீதம் என்றால், கையில் இருப்பது 6.4 லட்சம். 10 லட்சம் வாங்கும் ஒருவருக்கு 15 சதவீதம் கொடுத்தால் ஒன்றரை லட்சம் போயிற்று. மீதி 4.9 லட்சத்தை ஏழு பேருக்குப் பிரித்தால் சராசரி 7 சதவீதம்தான் வரும். ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறைத்தே ஆக வேண்டும்.

"சரிண்ணே, ஒரே ரேட்டிங்குக்கு 6, 11 எப்படி?"

அதற்குத்தான் கட்டம். இடது பக்கம் ரேட்டிங், மேலே பேண்டில், அதாவது நம் பதவிக்கென்று வைத்த சம்பள வரம்பில், நம் இடம். எங்கள் பேண்டின் நடுச் சம்பளம் 12 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் சம்பளம் 13.2, அதாவது நடுச் சம்பளத்தில் 110 சதவீதம். பையன் 9.6, அதாவது 80 சதவீதம். கீழே இருப்பவரை நடுவுக்கு இழுக்க அதிகம், தாண்டியவருக்குக் குறைவு. அவனுக்கு 11 என்றால் சுமார் 1.06 லட்சம், எனக்கு 6 என்றால் சுமார் 79 ஆயிரம். அந்தப் பெட்டிக்குள் ஒன்றிரண்டு சதவீதம் ஏற்றி இறக்குவதுதான் மேனேஜரின் அதிகாரம்.

எங்கள் பாட்டையா காலத்தில் பர்மாவுக்குக் கடைக் கணக்கு எழுதப் போனால் மூன்று வருஷத் தவணைக்கும் சம்பளத்தைக் கப்பலேறுமுன்பே பேசிவிடுவார்களாம். அந்த நிம்மதி நமக்கு ஏது!

அடுத்து மேனேஜர் சொன்னதுதான் முக்கியம். எனக்கு அவர் 'மிக நன்று' என்றுதான் போட்டிருக்கிறார். மார்ச்சில் காலிபரேஷன் என்று ஒரு கூட்டம். எல்லா மேனேஜர்களும் எச்ஆரும் உட்கார்ந்து டீம்களை ஒப்பிடுவார்கள். மேல் ரேட்டிங் இத்தனை பேருக்குத்தான் என்று அளவு உண்டு. வேறொரு டீம் மேனேஜர், "இவர் என்ன செய்தார்?" என்று கேட்டிருக்கிறார். "நல்லா வேலை பார்ப்பான்" என்பதைத் தாண்டி என் மேனேஜரிடம் பதில் இல்லை. அங்கேயே இறக்கிவிட்டார்கள். பிப்ரவரியில் நான் பக்கம் பக்கமாக எழுதிய சுய மதிப்பீட்டை அந்த அறையில் யாரும் திறக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது அந்த 6 சதவீதத்துக்கு அல்ல, இதற்குத்தான்.

இந்த வருஷம் ஜனவரியிலேயே அரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். இரவு ஓடும் பில்லிங் வேலை நாலு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரமானது, அதனால் காலை ஷிஃப்டில் புகார்கள் நின்றது, புதிதாக வந்த இருவருக்குப் பழக்கிவிட்டது, அவ்வளவுதான். "இதை வேறு யாராவது உறுதிப்படுத்துவார்களா?" என்று கேட்டார். பில்லிங் டீம் தலைவர் அனுப்பிய பாராட்டு மெயிலையும் சேர்த்தேன். இந்த முறை ரேட்டிங்கை யாரும் இறக்கவில்லை. 9 சதவீதம்.

ஜூனில் கடிதம், ஏப்ரல், மே அரியர்ஸோடு. கடிதத்தில் இருப்பது சிடிசி, அதாவது நமக்காகக் கம்பெனி வருஷத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை. பிஎஃப், வரி எல்லாம் போகக் கையில் ஏறுவது குறைவுதான். கடிதம் வந்த பிறகு வாதாடிப் பயனில்லை, தொகை அதற்குள் பிரிந்து முடிந்திருக்கும்.

பேண்டின் நடுவைத் தாண்டி இன்னும் மேலே போய்விட்டேன், ஆகையால் இனி இந்தக் கட்டத்தில் எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பதவி உயர்வுக்குத் தனிப் பணம், தனிக் கூட்டம். அந்தப் பேச்சை மேனேஜரிடம் ஆகஸ்டிலேயே ஆரம்பித்துவிட்டேன்.