கத்தியைத் தூக்க முதல்

திருமலை பஸ் ஸ்டாண்டடியில ஒரு கள்ளன் ஒரு அம்மாவின்ட சங்கிலியை அறுக்கிறான் எண்டு வைப்பம். கையில ஆயுதம் இருக்கிறவர் பாயலாமா? இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 90ஆம் பிரிவு, ஆரெண்டே தெரியாதவரின்ட உயிரைக் காக்கவும் உரிமை தருது. ஆனா 92ஆம் பிரிவு தேவைக்கு மிஞ்சின காயத்தை ஏற்காது. ஓடுறவனை முதுகில வெட்டிப்போட்டு தற்காப்பு எண்டால் கோர்ட்டில நிண்டுபிடிக்கிறது கஷ்டம்.

துவக்கு இன்னும் மோசம். சன நெரிசலில தோட்டா ஆளைத் துளைச்சுப் பின்னால நிக்கிறவரிலயும் படும். வாற பொலிசுக்கு ஆயுதத்தோட நிக்கிற ரெண்டு பேரில ஆர் கள்ளன் எண்டு விளங்காது.

சத்தம்போட்டு ஆக்களைக் கூப்பிடுங்கோ, பொலிசுக்கு 119 அடியுங்கோ, பைக் நம்பரைக் குறியுங்கோ (வீடியோ எடுப்பம், நம்பரை விட்டிடுவம்!). ஆருக்கும் குத்துப்பட்டால் ஆம்புலன்சுக்கு 1990 அடியுங்கோ. ஏறின கத்தியைப் பிடுங்காம, சுத்திவரத் துணி வச்சு அழுத்துங்கோ.