ஏர் பில்டர் பெட்டிக்குள் செம்பனைப் பழம்

எங்கள் ஊர் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி வெகு காலம் ஆகியும் வீட்டில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். எந்தப் பக்கம் போனாலும் பாமாயில் எடுக்கும் செம்பனை. மலேசியாவில் செம்பனையை வணிகத்துக்காக முதன்முதலில் நட்டதே 1917இல், பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். நான் வேலைக்குப் போகும் வழியில் பாதி தூரம் தோட்டத்துச் செம்மண் சாலை. குலை ஏற்றிய லோரி முன்னால் போனால் கொஞ்ச நேரத்துக்கு எதிரே ஒன்றும் தெரியாது. என் 2012 சாகா கார் தினமும் மூச்சாக இழுப்பது அந்தப் புழுதியைத்தான்.

போன மாதம் ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் காடி திணறியது. மிதித்தால் சத்தம் வருகிறது, வேகம் வரவில்லை. பக்கத்து வீட்டு மாமா 30 வருடம் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். விஷயத்தைச் சொன்னதும், "ஏர் பில்டரைப் பாத்தியாம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். ஐந்து மாதத்துக்கு முன்புதான் பட்டறையில் மாற்றினேன், பில் கூட இருக்கிறது என்றேன். "பில்லை விடு, பெட்டியைத் திறந்து பாரு. ரெண்டு நிமிஷ வேலை, நீயே செய்யலாம்."

ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு, எஞ்சின் ஆறியிருக்கும்போதே பானெட்டைத் தூக்கினேன். தடித்த கறுப்புக் குழாய் ஒன்று எஞ்சினிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குப் போகும். எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் காகிதப் பில்டர் அதற்குள்தான் இருக்கும். ஓரத்தில் இரும்புக் கிளிப்புகள் உண்டு. குழாயைப் பிடித்திருக்கும் வளையத்தை ஸ்குரூ டிரைவரால் தளர்த்தி, கிளிப்புகளைக் கழற்றினால் மூடி தூக்க வரும். சில வண்டிகளில் மூடியோடு சென்சர் ஒயர் இருக்கும், அதை இழுத்துவிடக் கூடாது.

மூடியைத் தூக்கியதும் கையை இழுத்துக்கொண்டேன். பில்டருக்கு அடியில் கொறித்துப் போட்ட செம்பனைப் பழங்கள். ஆரஞ்சுச் சதையெல்லாம் போய், நார் ஒட்டிய கறுத்த கொட்டை மட்டும் ஏழெட்டு. பக்கத்தில் காகிதத் துணுக்குகளும் காய்ந்த புல்லும் சேர்ந்த ஒரு கூடு. அந்தக் காகிதம் எங்கிருந்து வந்தது என்று பில்டரைத் திருப்பிப் பார்த்தபோது தெரிந்தது. ஒரு மூலையில் நாலைந்து மடிப்புகளை எலி கடித்து எடுத்திருந்தது. மற்ற மடிப்புகள் செம்மண் அப்பி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ரப்பர் விளிம்பில் பேனாவால் "1/2023" என்று எழுதியிருந்தது. என் தம்பியின் கையெழுத்து. ஆக, பட்டறையில் அதைத் தொடவே இல்லை. மறுநாள் பில்லையும் பில்டரையும் கொண்டுபோய்க் காட்டினேன். பையன் மறந்திருப்பான் என்று சொல்லிக் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். எனக்குக் காசு பெரிதில்லை. மனதில் உறுத்தியது அந்த ஓட்டைதான்.

ஏனென்றால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். அத்தனையும் இந்தக் காகிதத்தின் வழியாகத்தான் போகிறது. காகிதம் அடைத்துக்கொண்டால் வேகம் குறையும், அவ்வளவுதான். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும் என்பது கார்புரேட்டர் காலத்து வண்டிக்குப் பொருந்தும். இப்போதைய இன்ஜெக்ஷன் வண்டி காற்றை அளந்துதான் பெட்ரோல் விடுகிறது. ஆனால் ஓட்டை அப்படியல்ல. மண் துகள் உள்ளே போனால் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்த்துவிடும். அப்புறம் எஞ்சினையே பிரிக்க வேண்டியதுதான்.

மாமா ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்து, பில்டரைத் தாண்டி எஞ்சினுக்குப் போகும் குழாயின் உள்பக்கத்தைத் துடைக்கச் சொன்னார். துணியில் செம்மண் வந்தால் ஆபத்து. விரலில் சுற்றி மெதுவாக ஒரு சுற்று துடைத்தேன். இலேசான எண்ணெய்ப் பிசுக்குதான் வந்தது, செம்மண் இல்லை. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

சுத்தம் செய்யும்போது இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். குப்பை எஞ்சின் பக்கம் விழாமல் குழாயின் வாயைத் துணியால் அடைத்துவிட வேண்டும், முடித்ததும் மறக்காமல் எடுக்க வேண்டும். எலி இருந்த இடம் என்றால் கையுறையும் முகக்கவரியும் கட்டாயம். எலிக்காய்ச்சல் அதன் மூத்திரத்திலிருந்துதான் வருகிறது. தண்ணீரில் கலந்த குளோரோக்ஸ் பிளீச்சை முதலில் தெளித்து, ஊறவிட்டு, பிறகு ஈரத்துணியால் துடைத்தேன். பெட்டி நன்றாகக் காயும் வரை காத்திருந்தேன்.

புதுப் பில்டர் டவுன் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் 18 வெள்ளி. வண்டி மாடலைச் சொல்லி, பழையதைப் பக்கத்தில் வைத்து அளவு பார்த்தே வாங்கினேன். வைக்கும்போது முதல் தடவை சரியாக உட்காரவில்லை. ஒரு கிளிப் மட்டும் மாட்ட மறுத்தது. அழுத்தப் போனேன். "பலம் போடாதம்மா, உள்ள எங்கயோ விளிம்பு ஏறியிருக்கு" என்றார் மாமா. திறந்து, ரப்பர் விளிம்பைச் சுற்றிலும் விரலால் பள்ளத்துக்குள் அமுக்கிவிட்டதும் எல்லாக் கிளிப்பும் தானாக 'டக்' என்று விழுந்தது. காற்று இழுக்கும் குழாயின் முன்வாயில் கால் அங்குல ஓட்டையுள்ள கம்பிவலையை கேபிள் டை போட்டுக் கட்டினேன். எலி இனி அந்த வழியாக வராது.

பாலத்து ஏற்றத்தில் இப்போது மிதித்தவுடன் ஏறுகிறது. சாதாரண சாலைக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கை நான் விட்டுவிட்டேன். வறட்சி நாளில் மாதம் ஒருமுறை திறந்து பார்க்கிறேன். காகிதப் பில்டரைக் கழுவுவதில்லை, கம்பிரசர் வைத்து ஊதுவதும் இல்லை. பலமாகக் காற்று அடித்தால் காகிதம் கிழிந்துவிடும். தூசியைத் தட்டிவிடுவதோடு சரி, கறுத்துவிட்டால் புதிது.

இரண்டு வாரம் கழித்துத் திறந்தபோது மடிப்புகளில் மெல்லிய செம்மண் மட்டும்தான் இருந்தது. கொட்டை இல்லை, புல் இல்லை. ரப்பர் விளிம்பில் மார்க்கரால் தேதி எழுதி மூடிவிட்டு நிமிர்ந்தால், மாமா தன் பழைய கஞ்சிலின் பானெட்டைத் திறந்து வைத்து, என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.