திருநெல்வேலி ஒண்ணு, திருநெல்வேலி ரெண்டு

லீவுக்கு ஊருக்கு வந்து பதினோரு நாள் ஆச்சு. நேத்து சாயங்காலம் சமாதானபுரத்துல டீ குடிச்சிட்டு நிக்கும்போது மச்சினன் கேட்டான், "அத்தான், துபாய்ல ரோடெல்லாம் பாய் விரிச்ச மாதிரி இருக்குமாம்லா, நம்ம ஜங்ஷன்ல ஓட்டுனவன் அங்க கண்ண மூடிட்டு ஓட்டிருவாம்லா"ன்னு. அவனுக்கு விசா வந்தாச்சு, அடுத்த மாசம் திருவனந்தபுரத்துல இருந்து ஷார்ஜாவுக்கு ஃப்ளைட்டு, போயி லைசென்ஸ் எடுத்துட்டான்னா டெலிவரி வேன் வேலை ரெடியா இருக்கு. கண்ண மூடிட்டுன்னு அவன் சொன்னதும் எனக்கு டீ உள்ள இறங்கல. அங்க ஓட்டுறதப் பத்தி என் மனசுல இத்தன வருசமா கெடக்குறத அவனுக்காகவாவது எழுதிருவோம்னு உக்காந்தேன்.

ரோட்ட குறை சொல்ல முடியாது. ஒரு குழி கெடையாது, ராத்திரி பகல் மாதிரி லைட்டு, போர்டு எல்லாம் தூரத்துலயே தெரியும். சிக்னல்ல செகப்பு தாண்டினா 1000 திர்ஹாம் ஃபைன், 12 பிளாக் பாயிண்ட், 30 நாள் வண்டிய புடிச்சு வச்சிருவாங்க, பாயிண்ட் 24 சேந்துச்சுன்னா லைசென்ஸே போச்சு. அதனால சிக்னல்ல எவனும் வாலாட்ட மாட்டான். எனக்கு இருக்குற வருத்தமெல்லாம் ஒண்ணே ஒண்ணு, முன்னாடி போற வண்டிக்கும் தன் வண்டிக்கும் நடுவுல எடம் விடணும்ங்கற நெனப்பே அங்க பாதிப் பேருக்குக் கெடையாது.

நான் இருக்குறது துபாய்க்குப் பக்கத்துல ஷார்ஜா, வேலை துபாய் ஜெபல் அலியில. துபாய்ல வாடகை கட்டுபடியாகாம ஷார்ஜாவுல குடியிருக்குற ஆயிரக்கணக்கான குடும்பத்துல நாங்களும் ஒண்ணு. காலைல அஞ்சே காலுக்கு வண்டிய எடுத்தாத்தான் தப்பிச்சோம், ஆறரைக்கு எடுத்தா ரெண்டு மணி நேரம் ரோட்டுலதான். ஈ 311ன்னு ஒரு ரோடு, ஷேக் முகமது பின் சாயித் ரோடு, அதுலதான் என் பொழப்பு. துபாய் பக்கம் போர்டுல 110ன்னு இருக்கும், ஆனா 20 கிலோமீட்டர் சலுகை உண்டு, கேமரா 131க்குத்தான் அடிக்கும், அதனால 130தான் ஸ்பீடுன்னு எல்லாருமே முடிவு பண்ணிட்டாங்க. அபுதாபி பக்கம் 2018லயே அந்தச் சலுகைய எடுத்துட்டாங்க, அங்க போர்டுல என்ன போட்டுருக்கோ அதேதான். துபாய்ல ஃபாஸ்ட் ட்ராக்குல நீ 120ல போனா கூட பின்னால ஒருத்தன் வந்து ஒட்டிருவான், ஹெட்லைட்ட பளிச் பளிச்சுன்னு அடிப்பான், நீ விலகுற வரைக்கும் அடிப்பான்.

110ல போற வண்டி ஒரு செகண்டுல முப்பது மீட்டர் போயிரும். முன்னாடி பிரேக் லைட்ட பாத்து மூளைக்கு எட்டி கால் பிரேக்குக்குப் போறதுக்குள்ளயே அந்த முப்பது மீட்டரு போயிருது, அதனாலதான் ரெண்டு செகண்டு எடம் விடுங்கறது, அதாவது அறுபது மீட்டரு. இவங்க விடுறது மூணு மீட்டரு நாலு மீட்டரு. அந்த எடத்துல கடவுளே வந்து ஓட்டுனாலும் நிறுத்த முடியாதுய்யா. பின்னால ஒட்டுறதுக்கு 400 திர்ஹாம், 4 பாயிண்டுன்னு சட்டம் இருக்கு, இப்ப துபாய்ல ரேடாரே அதையும் புடிக்க ஆரம்பிச்சிருக்கு, அது எனக்கு ரொம்ப நாள் ஆசை, மனசார சந்தோசம்.

ஒரு வெள்ளிக்கெழம ராத்திரி துபாய் கராமாவுல சாப்புட்டுட்டு வீட்டுக்குத் திரும்புறோம். வலது பக்கம் ஒரு கம்பெனி பஸ் நீளமா போவுது, அதத் தாண்டுறதுக்கு இடது ட்ராக்குல ஏறிருக்கேன் (அங்க எல்லாம் தலைகீழு, வலது பக்கம்தான் மெதுவா போறவனுக்கு). கண்ணாடியில பாக்கேன், பின் சீட்டுல மவ தலை தெரியுது, அதுக்கு மேல ரெண்டு பெரிய லைட்டு. அந்த வண்டியோட நம்பர் பிளேட்டு தெரியல, பானட்டு மட்டும்தான் தெரியுது, அம்புட்டுக் கிட்ட. பளிச் பளிச்சுன்னு அடிக்கான். நான் எங்க போவேன், வலது பக்கம் பஸ்ஸு, இடது பக்கம் தடுப்பு. என் வீட்டுக்காரி கதவுப் புடிய புடிச்சவ விடவே இல்ல. மவ அந்த வெளிச்சத்துல திரும்பிப் பாத்துட்டு கேக்கா, "அப்பா, அந்த மாமா ஏன் கோவமா இருக்காவ?" பஸ்ஸத் தாண்டி விலகுனேன், அவன் சர்ருன்னு போயி இண்டிகேட்டரே இல்லாம மூணு ட்ராக்க ஒரே வெட்டா வெட்டி எக்ஸிட்டுல இறங்கிட்டான். கண்ணாடி முழுக்க கருப்பு ஃபிலிம், மூஞ்சி கூட தெரியல. வீட்டுக்கு வந்து வண்டிய ஆஃப் பண்ணுன பெறவும் என் கை நடுக்கம் நிக்கல.

எனக்கு ஆத்திரமே எங்கன்னா, அந்த ஆளும் அதே டெஸ்ட்டு எழுதிதான் வந்துருப்பான். நம்ம ஊரு லைசென்ஸ அங்க மாத்தித் தர மாட்டாங்க, மறுபடி மொதல்ல இருந்து கிளாஸ், யார்டு டெஸ்ட், ரோடு டெஸ்ட். பதினாலு வருசம் ஊர்ல ஓட்டுனவன் நான், மூணு தடவ ஃபெயில். ட்ராக் மாறும்போது கண்ணு மட்டும் கண்ணாடிக்குப் போனா போதாது, தோளுக்கு மேல தலை திரும்பணும், திரும்பலன்னா வண்டிய ஓரங்கட்டச் சொல்லிருவாங்க. ஒவ்வொரு தடவையும் மறுபடி கிளாஸ், மறுபடி காசு, ரெண்டு மாசச் சம்பளம் அதுக்கே போச்சு. எனக்குச் சொல்லித் தந்தது ஒரு பட்டாண் இனத்து உஸ்தாத், அதாவது டிரைவிங் வாத்தியாரு, வயசானவரு, தங்கமான மனுசன். முன்னாடி போற வண்டி ஒரு லைட்டுக் கம்பத்தத் தாண்டுனதும் ஹிந்தியில எண்ணச் சொல்லுவாரு, எண்ணி முடிச்ச பெறவுதான் நம்ம வண்டி அந்தக் கம்பத்துக்கு வரணும், எனக்கு அது வாய்ல வரல, நான் "திருநெல்வேலி ஒண்ணு, திருநெல்வேலி ரெண்டு"ன்னு எண்ண ஆரம்பிச்சேன். நிதானமாச் சொன்னா சரியா ரெண்டு செகண்டுக்கு வரும். அவருக்கு அந்த வார்த்த ரொம்பப் புடிச்சுப் போச்சு, அவரும் சொல்லிப் பாப்பாரு. இவ்வளவு படிச்சு, இவ்வளவு காசு கட்டி வாங்குன லைசென்ஸ பாக்கெட்ல வச்ச மறுவாரமே தலையும் திரும்பாது, இண்டிகேட்டரும் கெடையாது, எடமும் விட மாட்டாங்கன்னா என்ன சொல்ல.

ரூம்ல உக்காந்து பேசுனா உடனே இன்ன நாட்டுக்காரன் இப்படித்தான் ஓட்டுவான்னு ஆரம்பிச்சிருவாங்க. எனக்கு அந்தப் பேச்சே புடிக்காது. எல்லா நாட்டு ஆளும் செய்யுதான், நம்ம ஆளும் செய்யுதான். அவனவன் ஊர்ல பழகுன கைதான் அங்கயும் வருது. வண்ணாரப்பேட்டை ரவுண்டானாவுல டவுன் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் பைக்கும் ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டுப் போனாலும் ஸ்பீடு இருவது முப்பதுதான், கண்ணாலயே பேசிக்கிடுவோம், "அண்ணாச்சி கொஞ்சம் ஒதுங்குங்க"ன்னா ஒதுங்கிருவாக. சந்துல பூந்து போற அந்தக் கைய 120ல கொண்டு போயி வச்சா சாவுதான்.

அப்புறம் தெருவுக்குள்ள வேற கத. டீக்கட வாசல்ல, கஃபட்டீரியான்னு சொல்லுவாங்க, நடு ரோட்டுல வண்டிய நிறுத்திட்டு ஹாரன் அடிப்பாங்க, உள்ள இருந்து பையன் ஓடி வந்து கரக் டீய வண்டிக்கே கொண்டு குடுக்கணும். ஜூலை மாச வெயில்ல அந்தப் பையன் வண்டிகளுக்கு நடுவுல ஓடுறதப் பாத்தா வயிறு எரியும். எறங்கி நாலு எட்டு வச்சா என்ன?

டோலு பத்தியும் சொல்லணும், சாலிக்குன்னு பேரு. 2007ல நாலு திர்ஹாம்னு ஆரம்பிச்சது, 2025ல இருந்து காலைலயும் சாயங்காலமும் கூட்ட நேரத்துல ஆறு திர்ஹாம். ஒவ்வொரு கேட்டுக்கும் மெசேஜ் வரும்போது நான் நம்ம சுலோசன முதலியார நெனச்சுக்கிடுவேன். 1843லயே சொந்தக் காசப் போட்டு தாமிரபரணிக்கு மேல பாலம் கட்டிக் குடுத்த மனுசன், அந்தப் பாலத்துல இன்னைக்கும் ஜங்ஷனுக்கும் பாளைக்கும் நாம போயிட்டு வாரோம்.

இங்க வந்தப் பெறவு மாமா காரத்தான் எடுத்து ஓட்டுதேன். இங்க இண்டிகேட்டர் வலது கையில, அங்க இடது கையில, மொத ரெண்டு நாளு திரும்புற எடத்துல எல்லாம் வைப்பர்தான் ஓடுச்சு. நாலு வழிச்சாலையில வாழத்தார் ஏத்துன டிராக்டர் எதுத்தாப்ல ராங் சைடுல வருது, அதுல எனக்கு சம்மதம் கெடையாது. ஆனாலும் ஓட்டுறவன் மூஞ்சி தெரியுது, கையக் காட்டுனா அவனும் கையக் காட்டுதான்.

மச்சினன்ட்ட ராத்திரி சாப்புடும்போது இதெல்லாம் சொன்னேன். "அப்படின்னா பயந்துக்கிட்டே ஓட்டணுமாத்தான்?"னு கேட்டான். "பயப்படாண்டாம் மாப்ள, ஃபாஸ்ட் ட்ராக்குப் பக்கம் போவாத, பின்னால எவன் லைட் அடிச்சாலும் எடம் பாத்து ஒதுங்கு, பதிலுக்கு பிரேக்க மட்டும் தொட்டுறாத"ன்னேன். பிரேக்கத் தொட்டுக் காட்டப் போயி உருண்ட வண்டிய நான் என் கண்ணால பாத்துருக்கேன், அதுக்கு மேல அதப் பத்தி எழுத மனசு வரல.

நாளைக்குக் காலைல அவனத்தான் ஓட்டச் சொல்லிருக்கேன், நாங்குநேரி வரைக்கும் போயிட்டு வரணும். மவளும் வாரேன்னுட்டா. பின் சீட்டுல உக்காந்து ஒவ்வொரு கம்பத்துக்கும் "திருநெல்வேலி ஒண்ணு, திருநெல்வேலி ரெண்டு"ன்னு அவதான் எண்ணப் போறா, அவ ரெண்டு சொல்லி முடிக்கதுக்குள்ள எங்க வண்டி கம்பத்தத் தாண்டிருச்சுன்னா மாமா ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்துறணும்.