யார்க் மேயர் பதவியும் கோடாலி பட்ட கதவும்

இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் யார்க் நகரத்தின் மேயர் பதவியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வாள், செங்கோல், தங்கச் சங்கிலி என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் வரிப்பணத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பதவியே அங்கிருந்துதான் வந்தது. அரசனுக்குச் சேரவேண்டிய வரியை ஊரிடம் வாங்கிக் கட்டியவர் ஷெரீஃப், அதாவது அரசன் வைத்த ஆள். 1212இல் ஜான் மன்னர், பிரான்சில் இழந்த நிலங்களை மீட்கப் பணம் தேடிக்கொண்டிருந்த நேரம், வருஷத்துக்கு 160 பவுண்டை ஊராரே நேராகக் கட்டிக்கொள்ளலாம் என்று யார்க்குக்கு ஒரு சாசனம் கொடுத்தார். ஊர்ப்பணத்தை ஊரே வசூலித்துக் கட்டுவதென்றால் கணக்குக்கும் வழக்குக்கும் பொறுப்பாக ஒருவர் வேண்டுமல்லவா? அந்தத் தேவையில் முளைத்தவர்தான் மேயர். பெயர்ப் பட்டியல்கள் வழக்கமாக 1217இல் ஹியூ டி செல்பியிலிருந்து தொடங்கும்.

சரி, பதவி ஊருடையதாகிவிட்டது. ஆனால் ஊர் என்றால் யார்? அடுத்த சில நூறு வருஷங்களுக்கு யார்க்கில் நடந்த சண்டையெல்லாம் இந்தக் கேள்விக்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கம்பளி, துணி ஏற்றுமதி செய்த பெரிய வியாபாரிகள் தங்களுக்குள்ளேயே மேயரை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். கசாப்புக்காரர், தோல் பதனிடுகிறவர், நெசவாளர் எல்லாம் வரி கட்டினார்கள், அவ்வளவுதான்.

1380 நவம்பரில் அது வெடித்தது. ஜான் டி கிஸ்பர்ன் என்ற பெரும் கம்பளி வியாபாரி அப்போது மேயர். ஊர்மக்கள் கூட்டமாகக் கிளம்பி அவரை நகரத்தை விட்டே துரத்தினார்கள், அப்புறம் கோடாலியோடு நகர சபைக் கட்டடமான கில்டு ஹாலுக்குப் போய் கதவை உடைத்து உள்ளே நுழைந்து, சைமன் டி குவிக்ஸ்லி என்பவரைப் பிடித்து வந்து, அவர் விருப்பத்துக்கு மாறாகவே மேயராகப் பதவிப் பிரமாணம் எடுக்க வைத்தார்கள். இதோடு நிற்கவில்லை, ஊஸ் ஆற்றுப் பாலத்தின் மேல் இருந்த மணிகளை வழக்கமான முறையை மாற்றித் தலைகீழாக அடித்தால் மொத்த ஊரும் எழுந்து வரவேண்டும் என்று ஒரு விதியும் போட்டார்கள். மேயரின் ஆலோசனை மண்டபமே அந்தப் பாலத்தின் மேல்தான் இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் கனம் புரியும். அரசரின் நாடாளுமன்றம் இதைக் கலகம் என்று பதிவு செய்தது. அடுத்த வருஷம் நாடெங்கும் விவசாயிகள் கிளர்ச்சி பரவியபோது கிஸ்பர்ன் ஆட்களோடு குதிரையில் பூத்தம் பார் கோட்டை வாசல் பக்கம் வந்து மோதினார். ஆனால் குவிக்ஸ்லி அதற்குள் முறையான தேர்தலிலேயே மேயராகியிருந்தார். கடைசியில் மன்னிப்புக்காக நகரம் அரசருக்கு 1000 மார்க் (ஒரு மார்க் என்பது அந்தக் காலத்துக் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு பவுண்டு) கட்டவேண்டி வந்தது. கட்டாயத்தின் பேரில் பதவி ஏற்ற ஒரு மனிதரை அதே ஊர் பிறகு விரும்பித் தேர்ந்தெடுத்தது என்பதுதான் இந்தக் கதையில் என்னை விடாமல் பிடித்திருக்கும் விஷயம்.

ரிச்சர்ட் மன்னர் (இரண்டாம் ரிச்சர்ட்) 1389இல் தன் இடுப்பு வாளை எடுத்து மேயருக்குக் கொடுத்தார், அதிலிருந்துதான் 'லார்டு மேயர்' என்ற பட்டம் என்று மரபாகச் சொல்வார்கள். உறுதியாக ஆவணத்தில் நிற்பது 1396 சாசனம். யார்க் தனி மாவட்டமானது, ஊருக்கென்று இரண்டு ஷெரீஃப்கள் வந்தார்கள், மேயருக்கு முன்னால் வாளை நிமிர்த்திப் பிடித்துப் போகலாம், அரசர் எதிரில் மட்டும் கூடாது. இன்றும் விழாக்களுக்கு வரும் வாள்களில் ஒன்று புனித ரோமானியப் பேரரசர் சிகிஸ்மண்டினுடையது, வின்ட்சரில் தொங்கிக்கொண்டிருந்து 1439இல் யார்க்குக்கு வந்தது.

மேயரின் சபை செய்த காரியங்களில் நான் மிக மதிப்பது 1485 ஆகஸ்ட் 23இல் எழுதிய குறிப்பை. முந்தின நாள்தான் பாஸ்வொர்த் போரில் மூன்றாம் ரிச்சர்ட் செத்திருக்கிறார், வென்ற ஹென்றி டியூடர் நாட்டை எடுத்துக்கொண்டிருக்கிறார். யார்க் சபையோ தன் பதிவேட்டில், கருணையோடு ஆண்ட ரிச்சர்ட் மன்னர் பெரும் துரோகத்தால் பரிதாபமாகக் கொலையுண்டார், இந்த நகரத்துக்கு இது பெரும் துக்கம் என்று எழுதி வைத்தது. புது ராஜாவின் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று தெரியாமலா எழுதியிருப்பார்கள்? மறு வருஷமே ஹென்றிக்கு வரவேற்பு விழா எடுத்ததும் இதே சபைதான், அதைக் குறை சொல்லமாட்டேன், ஊரைக் காப்பாற்ற வேண்டுமே.

பிறகு வந்த நூற்றாண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். தேர்தல் தகராறு முற்றி 1517இல் எட்டாம் ஹென்றி புது விதிகள் போட்டார். 1725இல் அடிக்கல் நாட்டிய மேன்ஷன் ஹவுஸ், லண்டன் மேயரின் மாளிகையைவிடப் பழையது. நகர சபைகளைச் சீர்திருத்திய 1835 சட்டம் வந்த பிறகு வரி கட்டுகிற வீட்டுக்காரர்கள் வாக்களித்து கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்கள்.

ஆனால் பணக்காரர் கை அதோடு போய்விடவில்லை. 1837இல் லார்டு மேயரான ஜார்ஜ் ஹட்சன் துணி வியாபாரி. பாட்டனார் முறையுள்ள உறவினர் ஒருவரின் சொத்து கிடைத்து எழுந்தவர், ரயில் கம்பெனிகளால் ராஜாவானவர். மூன்று முறை மேயர். யார்க் ரயில் நகரமானதில் அவர் பங்கு பெரியது, யாரும் மறுக்கமுடியாது. 1849இல் கணக்கு மோசடிகள் வெளிவந்ததும் அவர் பேரில் இருந்த தெருவையே ரயில்வே தெரு என்று மாற்றினார்கள், அவர் இறந்து நூறு வருஷம் ஆனதும் 1971இல் ஜார்ஜ் ஹட்சன் தெரு என்று மறுபடி வைத்தார்கள். எனக்கு அந்த இரண்டாவது மாற்றத்தில் உடன்பாடு இல்லை. அவர் பேச்சை நம்பிப் பங்கு வாங்கி ஏமாந்தவர்களுக்கு எந்தத் தெருவும் இல்லையே.

இன்னொருவரைச் சொல்லாமல் விடமுடியாது: எட்னா ஆனி கிரிக்டன், 1941இல் யார்க்கின் முதல் பெண் லார்டு மேயர். பட்டியல் தொடங்கி எழுநூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது! அவர் பதவியில் இருந்தபோதுதான் 1942 ஏப்ரல் 29 அதிகாலையில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு, 1380க்குப் பிறகு, பதினைந்தாம் நூற்றாண்டில் கட்டிய கல் கட்டடமான கில்டு ஹால் எரிந்தது. கூரையும் ஓக் மரத் தூண்களும் போயின. திரும்பக் கட்டி 1960இல்தான் திறந்தார்கள்.

இப்போதைய லார்டு மேயருக்கு அதிகாரம் கிடையாது. வருஷத்துக்கு ஒருவர், கவுன்சிலர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பது, விழாக்களும் தொண்டு வேலைகளும்தான். 2024 மே மாதம் யார்க்கும் வடக்கு யார்க்‌ஷயரும் சேர்ந்த பகுதிக்குத் தனியாக ஒரு மேயர் பதவி வந்தது, டேவிட் ஸ்கைத் முதல் மேயரானார். போக்குவரத்து, வீட்டு வசதி போன்றவற்றுக்கான பணம் அவர் கையில். அவரைச் சாதாரண மக்கள் நேரடியாக வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள், 1380இல் கில்டு ஹால் கதவை உடைத்தவர்கள் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்.