எத்தனை அடி தூக்கலாம்?

வெள்ளம் வடிந்து, சேற்றை வழித்துப் போட்டு, ஊறிப்போன மெத்தைகளைத் தெருமுனையில் குவித்து முடித்த பிறகுதான் எனக்கு போன் வரத் தொடங்கும். "சார், வீட்டைத் தூக்கணும். எத்தனை அடி தூக்கலாம்?" 2015 டிசம்பருக்கு அப்புறம் தென்சென்னையில் வீடு தூக்குவது தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. கட்டடப் பொறியாளனான நான் இப்போது புது வீடு கட்டுவதைவிட, இருக்கிற வீட்டை உயர்த்திக் கொடுப்பதுதான் அதிகம். வேளச்சேரி, மடிப்பாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் என்று தண்ணீர் போன வழியெல்லாம் நானும் போயிருக்கிறேன்.

அளவெடுத்து முடித்துக் காபி குடிக்கும்போது அதே ஆட்கள் இன்னொன்றும் கேட்பார்கள். "இனிமே இந்த ஊர்ல இருக்கலாமா சார்? வித்துட்டுப் போயிடட்டுமா?" எத்தனை அடி என்பதற்குச் சுவரில் படிந்த கறையைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு நான் வருஷக்கணக்காகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வீடு தூக்குவதைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சுற்றிலும் பள்ளம் தோண்டி, தரைமட்ட பீமுக்குக் கீழே இருக்கும் சுவரைத் துண்டு துண்டாக உடைத்து, உடைத்த இடத்தில் உடனுக்குடன் ஜாக்கியைச் செருகிக்கொண்டே வர வேண்டும். சாதாரண வீட்டுக்கே நூற்றுக்கணக்கில் ஜாக்கி பிடிக்கும். மொத்தப் பாரமும் ஜாக்கிகளின் மேல் வந்த பிறகு மேஸ்திரி குரல் கொடுப்பார். ஹரியானாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கம்பியை ஒரே அளவு திருப்புவார்கள். ஒருவன் முந்திக்கொண்டாலும் ஜன்னல் மூலையிலிருந்து விரிசல் ஓடிவிடும். அப்படியே மெல்ல மெல்ல ஏற்றி, நாலு அடி வந்ததும் அடியில் சுவர் எழுப்பி, உள்ளே கிராவல் கொட்டி, புதுத் தரை போடுவோம். சம்ப்பும் செப்டிக் டேங்கும் மட்டும் பழைய மட்டத்திலேயே கிடக்கும். பைப் எல்லாவற்றையும் மாற்றி இணைக்க வேண்டும்.

முடிச்சூரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீடு. தூக்குகிற அன்று அவர் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு அடி ஏறியதும் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, என் வீட்டுல நின்ன தண்ணி இனி எங்க போகும்?" பக்கத்து மனை என்றேன். அங்கே இருந்தது ஓடு போட்ட சின்ன வீடு. தூக்குவதற்கு ஆகும் செலவில் பாதிகூட அந்தக் குடும்பத்தால் புரட்ட முடியாது. மனையை நிரப்பி உயர்த்தியதும் அங்கே தேங்கிய தண்ணீர் அடுத்த மனைக்குத்தான் போகும். ஆசிரியை கேட்டது ஒரு பொறியாளன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அன்றிலிருந்து எந்த வீட்டைத் தூக்கினாலும் பக்கத்து மனையின் மட்டத்தையும் குறித்துக்கொள்கிறேன்.

சாலையையும் சொல்ல வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, மூன்று படி ஏறி நுழைந்த வீடுகளுக்கு இன்று இரண்டு படி இறங்க வேண்டியிருக்கிறது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தியிருந்தார். பெரிய சாலைகளில் அந்த இயந்திரம் ஓடுவதைப் பார்க்கிறேன். நான் வேலை செய்கிற உட்தெருக்களில் பார்ப்பது அபூர்வம்.

சரி, ஊரையே விட்டுவிடலாமா? தமிழ்நாட்டில் விடப்பட்ட ஊர் என்றால் எல்லாரும் தனுஷ்கோடியைத்தான் சொல்வார்கள். 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்தது. பயணிகளோடு ஒரு ரயிலே போயிற்று. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ஆனால் சேதமான பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாளில் சரிசெய்துவிட்டது. அங்கிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. அந்த ஊருக்குச் சோறு போட்ட துறைமுக வேலை வேறிடத்துக்குப் போய்விட்டதால்தான் ஊரை விட முடிந்தது என்று நான் நினைக்கிறேன். கடல் வேலை போகவில்லை. அதனால் மீனவர்கள் இன்றும் அங்கே குடிசை போட்டு இருக்கிறார்கள். சென்னையின் வேலை எங்கும் போகவில்லை. இங்கே வேலை இருக்கிற வரை, தண்ணீர் வடிந்த மறுவாரமே ஈ.பி. ஆட்கள் மீட்டர் பெட்டியைத் திரும்ப மாட்டுவார்கள், ஊரும் திரும்ப வரும். மறுபடி கட்டலாமா வேண்டாமா என்று யாரும் கூடி உட்கார்ந்து தீர்மானிப்பதே இல்லை.

அப்படி உட்கார்ந்து தீர்மானிக்கப் பார்த்த ஊர் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ். 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலில் ஊரின் 80 சதவீதம் மூழ்கியது. சில மாதத்தில் ஒரு வரைபடம் வெளிவந்தது. பள்ளமான பகுதிகளில் பச்சை வட்டங்கள். அவை பூங்காவாகலாம் என்று பொருள். அங்கே வீடு வைத்திருந்தவர்கள் அதைப் பத்திரிகையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். கொதித்துப்போனார்கள், திட்டம் கைவிடப்பட்டது. பள்ளத்தைத் தண்ணீருக்கு விடுவது தவறான யோசனை இல்லை. உங்கள் தெரு இருக்காது என்று வட்டம் போட்டுச் சொல்லிவிட்டு, எங்கே போவது, மனைக்கு ஈடு என்ன என்று சொல்லாமல் விட்டது தவறு. கேட்கப்படாதவர்கள் எதிர்க்கத்தான் செய்வார்கள்.

நம் ஊரில் அந்த வட்டம் யாரைச் சுற்றிப் போடப்படுகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். தி.நகர் இருப்பது மாம்பலம் ஏரியில். 1920-களில் ஏரியை வடித்து உண்டாக்கிய குடியிருப்பு அது; மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் அந்த ஏரியின் பெயரைச் சுமக்கிறது. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரியில். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-ல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பெருங்குடி குப்பைக் கிடங்கை வைத்ததும் அதே சதுப்பில்தான். தி.நகரையோ வள்ளுவர் கோட்டத்தையோ எடு என்று யாரும் சொல்வதில்லை. 2015-க்குப் பிறகு எடுக்கப்பட்டவை அடையாறு, கூவம் கரைகளில் இருந்த குடிசைகள். அந்த மக்களில் பலரைக் கொண்டுபோய் வைத்தது பெரும்பாக்கத்தில். அதுவும் தண்ணீர் நிற்கிற இடம்.

என் சைட்டில் சித்தாளாக வந்த ஒரு அக்கா அப்படிப் போனவர். சைதாப்பேட்டை ஆற்றோரம் பிறந்து வளர்ந்தவர். பெரும்பாக்கத்தில் ஆறாவது மாடி. "லிஃப்ட் ஓடலன்னா தண்ணிக் கொடத்தோட ஏறணும் சார். அங்க இருந்தப்ப நடந்தே வேலைக்குப் போயிடுவேன், மத்தியானம் வந்து புள்ளைக்குச் சோறு குடுத்துட்டு திரும்பப் போவேன். இப்ப ரெண்டு பஸ்ஸு." ஆற்றோரத்தில் இருந்திருக்கலாம் என்று அவரும் சொல்லவில்லை. கழுத்தளவு தண்ணீரில் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர். கிண்டிக்குப் பக்கத்தில் எங்காவது நாலு மாடி கட்டிக் கொடுத்திருந்தால் முணுமுணுக்காமல் போயிருப்பேன் என்றார். அது நியாயமாகத்தான் எனக்குப் படுகிறது. ஆற்றை அகலப்படுத்த நிலம் கொடுத்தவர்கள் இவர்கள்தான். அதற்கு ஈடாக ஊருக்குள்ளேயே ஓர் இடத்தை இவர்களுக்குத் தர இந்த நகரம் கடமைப்பட்டிருக்கிறது.

என் பதிலுக்கு மிக அருகில் வருவது குஜராத்தின் பூஜ். 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் அந்தப் பழைய நகரம் இடிந்தது. சந்துகள் மிகக் குறுகலாக இருந்ததால் தப்பி ஓடவும் வழியில்லை, மீட்க உள்ளே போகவும் வழியில்லை. ஊரை விடாமல், அதே இடத்தில், ஆனால் வேறு மாதிரி கட்டினார்கள். எல்லாருடைய மனைகளையும் ஒன்றாகச் சேர்த்து, சாலைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் திரும்பப் பிரித்துக் கொடுத்தார்கள். மிகச் சிறிய மனைகளிலிருந்து எடுக்கவில்லை. மனை பெரிதாகப் பெரிதாகப் பிடித்தமும் ஏறியது. வருத்தங்கள் இருந்தன, இழுபறி இருந்தது, ஆனால் இழப்பு ஊர் முழுவதற்கும் பரவியது. அங்கே சாலைக்குச் செய்ததை இங்கே தண்ணீருக்குச் செய்யலாமே என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஆசிரியை வீட்டு மாடியில், அந்த நகரின் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் இதைத்தான் பேசினேன். பழைய கிராம வரைபடத்தைத் தரையில் விரித்துக் காட்டினேன். மனை பிரித்தபோது காணாமல்போன வாய்க்கால் அதில் அடையாறு வரைக்கும் தெளிவாக ஓடியது. இப்போது அதன் மேல் காம்பவுண்டு சுவர்கள். ஒவ்வொரு மனையும் பின்பக்கம் சில அடி விட்டால் வாய்க்கால் திரும்ப வந்துவிடும். ஓட்டுவீட்டை மட்டும் விட்டுவிட்டு, அந்தப் பங்கை இரட்டை மனைக்காரர்கள் ஏற்க வேண்டும். இரண்டு மணி நேரம் சத்தம். "நான் லோன் போட்டு வாங்குன எடம் சார்" என்றார் ஒருவர். அவர் சொன்னதும் உண்மைதான். ஆசிரியை முதல் கையெழுத்துப் போட்டார், அவருக்குப் பிறகு தெருவில் பாதிப் பேர் போட்டார்கள். மூலையில் இருக்கும் பெரிய மனைக்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். வாய்க்கால் ஆற்றில் சேர வேண்டிய வழி அவர் மனை வழியாகத்தான் போகிறது. ஐப்பசிக்கு முன்னால் சர்வேயரை வைத்துக் கல் நட்டுவிட வேண்டும் என்று இருக்கிறோம்; அடுத்த ஞாயிறு அந்த மூலை மனைக்காரரை மறுபடி பார்க்கப் போகிறோம்.